விசிறி இல்லாத கணினி: ஒரு வெப்ப வரலாறு

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை என்றால் சோழர், பல்லவர், கல்வெட்டு, செப்பேடு என்று தொடங்குவதுதான் வழக்கம். அவற்றை எழுதத் தகுதியுள்ள அன்பர்கள் நம்மிடையே உண்டு. நான் முப்பத்தைந்து ஆண்டுகள் மின்சாரத்தோடும் இரும்போடும் காலம் தள்ளிய பொறியாளன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு பெட்டியின் வரலாற்றைச் சொல்கிறேன். கணினி என்ற அந்தப் பெட்டி இன்று நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அது கணக்குப் போடும் திறமையைப் பற்றி எழுதியவர்கள் ஆயிரம் பேர். அது ஏன் சூடாகிறது, அதற்குள் விசிறி எப்போது வந்தது, அந்த விசிறியே இல்லாமல் நாகபுரி வெயிலில் ஒரு கணினியை வீட்டில் செய்து ஓட்ட முடியுமா என்பதையெல்லாம் தமிழில் நான் அதிகம் படித்ததில்லை.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். கிரைண்டருக்குக் கொடுக்கும் மின்சாரம் கல்லைச் சுற்றி மாவை அரைக்கிறது. கணினிக்குக் கொடுக்கும் மின்சாரம் என்ன செய்கிறது? எண்களைக் கூட்டுகிறது, எழுத்தைக் காட்டுகிறது என்று சொல்லலாம். ஆனால் இயற்பியலின் கணக்குப் புத்தகத்தில் அந்த வேலைக்கெல்லாம் தனிப் பற்று இல்லை. உள்ளே போன 65 வாட்டும் 65 வாட் சூடாகவே வெளியே வந்தாக வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பைத் தெரியாமல் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நம்மில் பலர் இருப்போம். பல்பிலாவது சூடு கண்ணாடி முழுவதும் பரவியிருந்தது. கணினியிலோ அதே அளவு சூடு ஒரு கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள சிலிக்கான் துண்டிலிருந்து கிளம்புகிறது. அதை அங்கிருந்து எடுத்து அறைக் காற்றில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கணினியின் உருவத்தை எண்பது ஆண்டுகளாகத் தீர்மானித்து வந்திருப்பதில் பாதிக்கு மேல் இந்த ஒரே வேலைதான் என்பது என் கட்சி.

வால்வுக் காலம்

நம் வீடுகளில் ஒரு காலத்தில் மர்ஃபி ரேடியோ இருந்தது. போட்டவுடன் பாடாது, உள்ளே வால்வுகள் சிவந்து சூடேற அரை நிமிடம் ஆகும். அதன் பின்பக்கம் ஓட்டை ஓட்டையாகத் துளையிட்ட ஓர் அட்டை இருக்கும். "சுவரோடு ஒட்டி வைக்காதே" என்று அப்பா சொல்வார். கீழ்த் துளைகள் வழியாகக் குளிர்ந்த காற்று நுழைந்து, சூடாகி, மேல் துளைகள் வழியாகத் தானாகவே வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. சூடான காற்று மேலே போகும் என்ற ஒரே விதியை நம்பி, விசிறி எதுவும் இல்லாமல், அந்த ரேடியோ முப்பது வருடம் ஓடியது. இதைத்தான் இன்று 'பாசிவ் கூலிங்' என்கிறார்கள். இயல்புக் குளிர்ச்சி என்று நாம் சொல்லலாம்.

ரேடியோவில் ஐந்தாறு வால்வு. 1946இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியிலோ சுமார் 18,000 வால்வுகள்! அது எடுத்துக்கொண்ட மின்சாரம் சுமார் 150 கிலோவாட். துளையட்டையை நம்பி அதை ஓட்ட முடியுமா? பெரிய ஊதுவிசிறிகளை வைத்துக் காற்றை உள்ளே தள்ளினார்கள். ஆக, விசிறி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்க வேண்டாம். பெரிய கணினியோடு அது கூடவே பிறந்தது.

இந்தியாவுக்கு வருவோம். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1955-56இல் இங்கிலாந்திலிருந்து வந்த கணினி நிறுவப்பட்டது. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவர்கள் தாங்களே ஒன்றைக் கட்டினார்கள். 1956இல் முன்மாதிரி, 1960இல் முழுக் கணினி. 1962இல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர் என்பதைப் பம்பாய்த் தமிழர்களே பலர் அறிந்திருக்கவில்லை. டிஃப்ராக்கில் 2,700 வால்வுகள். ஒரு சாதாரண வால்வின் இழைக்கு 6.3 வோல்ட், 0.3 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 2 வாட் என்று வைத்துக்கொண்டால், இழைகளைச் சிவக்க வைக்க மட்டுமே 5 கிலோவாட்டுக்கு மேல் ஆகிறது. நான்கைந்து இஸ்திரிப் பெட்டிகளை ஒரே அறையில் ஓயாமல் எரியவிட்ட மாதிரி. அதுவும் பம்பாயின் புழுக்கத்தில்!

இந்தப் புழுக்கம்தான் நம் நாட்டுக் கணினி வரலாற்றைத் தனியாகப் பிரிக்கிறது. குளிர்நாட்டில் வடிவமைத்த இயந்திரம், 'அறை 22 டிகிரி இருக்கும்' என்று எண்ணிக்கொண்டு வருகிறது. இங்கே அறை 22 டிகிரியில் இல்லை. அதனால் அறையையே குளிர்நாடாக மாற்றினோம். 1970, 80களில் கணினிக் கூடங்களில் வேலை பார்த்த அன்பர்களுக்கு நினைவிருக்கும்: வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே போனால் பற்கள் கிட்டும் குளிர், தடித்த திரைச்சீலை, கோயில் கருவறை போல ஒரு பயபக்தி. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370 கணினிக்காகத் துளையட்டைக் கட்டுகளோடு காத்திருந்தவர்கள் இந்த ஊரிலும் உண்டு. மனிதனுக்கு மேலே ஒரு மின்விசிறி. கணினிக்கு மட்டும் ஏ.சி. எங்கள் அலுவலகத்தில் மே மாதம் வந்தால் காரணமில்லாமல் கணினிக் கூடத்துக்குள் போய் நிற்பவர்கள் எண்ணிக்கை கூடும்.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தபின் சூடு குறைந்திருக்க வேண்டும். ஒரு டிரான்சிஸ்டரின் சூடு குறைந்தது உண்மை. ஆனால் ஒன்று இருந்த இடத்தில் ஆயிரத்தை அடைத்தார்கள். 1976இல் முதன்முதலாக லாஸ் அலமாஸுக்குப் போன கிரே-1 மீக்கணினி சுமார் 115 கிலோவாட் தின்றது. அதைக் குளிர்விக்கக் குளிர்பதனப் பெட்டியில் ஓடும் ஃப்ரியானையே அதன் உடம்புக்குள் ஓடவிட்டார்கள். வட்டவடிவப் பெட்டி, சுற்றிலும் உட்காரத் திண்ணை மாதிரி மெத்தை இருக்கை, பார்க்க அழகு. 1985இல் வந்த கிரே-2 இன்னும் ஒரு படி மேலே போனது. மின்சாரத்தைக் கடத்தாத ஃப்ளூரினெர்ட் என்ற திரவத்தில் சுற்றுப்பலகைகளையே முக்கி வைத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கிரே எக்ஸ்-எம்.பி. ஒன்று 1980களின் கடைசியில் தில்லி லோதி சாலை மௌசம் பவனுக்கு வந்தது. பருவமழையைக் கணிக்க வந்த இயந்திரம், தன் சூட்டைக் கணித்து ஃப்ரியானோடுதான் வந்து சேர்ந்தது.

விசிறி வீட்டுக்குள் நுழைந்த கதை

வீட்டுக் கணினியின் கதை நேர் எதிராகத் தொடங்குகிறது. 1977இல் வந்த ஆப்பிள்-2க்கு விசிறி கிடையாது. ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் அதற்கென்று வடிவமைத்த 'ஸ்விட்சிங்' மின்வழங்கி, பழைய வகை மின்வழங்கியைவிட மிகக் குறைவாகவே சூடானது. அதனால்தான் அது சாத்தியமாயிற்று. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறி இரைச்சல் என்றாலே ஆகாது. மேசைமேல் இருக்கும் பொருள் அமைதியாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஆசை நியாயமானது, ஆனால் வெப்பம் யாருடைய பிடிவாதத்துக்கும் பணியாது. 1980இல் வந்த ஆப்பிள்-3இலும் விசிறி வேண்டாம் என்றார்கள். சூட்டில் விரிந்து சுருங்கிய சில்லுகள் தங்கள் குழிகளிலிருந்து மெல்லக் கிளம்பி வந்தன என்று புகார் வந்தது. கணினியை மேசையிலிருந்து ஓரிரு அங்குலம் தூக்கிப் 'பொத்'தென்று போட்டால் சில்லுகள் மறுபடி உட்காரும் என்று நிறுவனமே யோசனை சொன்னதாகப் பிரசித்தி! சூடு மட்டும் காரணமில்லை, பலகையின் வடிவமைப்பிலேயே கோளாறு என்று வாதிடுபவர்களும் உண்டு. 1984இன் மெக்கின்டாஷும் விசிறி இல்லாமலே வந்தது. அதற்குப் 'பழுப்பு டோஸ்டர்' என்று பட்டப்பெயர். ஜாப்ஸ் 1985இல் வெளியேறிய பிறகு, 1987இல் வந்த மெக்கின்டாஷ் எஸ்.இ.யில் விசிறி வைத்தார்கள்.

நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் அப்போது விசிறியில்லாத கணினி ஒன்று வந்தது. மத்திய அரசு 1984-85இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினியைக் கொடுத்தார்கள். விசைப்பலகையும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும், மேலே காற்று போக வரிசையாகக் கீறல்கள். மர்ஃபி ரேடியோவின் கொள்கைதான். சாதாரண வகுப்பறையில் ஓடியிருக்கும். ஆனாலும் பல பள்ளிகளில் அதைப் பூட்டிய அறையில் வைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, ஏ.சி.யும் போட்டார்கள். கணினி என்றால் குளிர் வேண்டும் என்பது அதற்குள் ஆகமவிதி ஆகியிருந்தது.

1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் விசிறி மின்வழங்கிக்குள் இருந்தது. 63.5 வாட் மின்வழங்கி. அதற்கே ஒரு விசிறி. ஆனால் மூளையான 8088 சில்லு வெறும் தலையோடுதான் இருந்தது. 1989இல் வந்த 486இன் முதல் வகைகளும் அப்படியே. 1992இன் 486 டி.எக்ஸ்-2 வந்தபோது சில்லின் தலையில் அலுமினியத் துடுப்புத் தகடு ஏறியது. 1993இல் பென்டியம். சுமார் 15 வாட். தகட்டின்மேல் குட்டி விசிறி சகஜமானது.

தில்லி நேரு பிளேஸ், பம்பாய் லேமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி தெரு என்று அலைந்து திரிந்து 'அசெம்பிள்டு' கணினி வாங்கிய தலைமுறைக்கு அந்தக் குட்டி விசிறியை நன்றாகத் தெரியும். முதல் ஆறு மாதம் முனகும். பிறகு உள்ளே எண்ணெய் காய்ந்து 'கர்ர்ர்' என்று இழுக்கும். நடுவில் ஒட்டியிருக்கும் காகித லேபிளை உரித்து, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் அடுத்த தீபாவளி வரை தாங்கும். விசிறி நின்றுபோனது தெரியாமல் பிராசசரே கருகியதும் உண்டு. நம் ஊர்த் தூசி வேறு. விசிறி காற்றை மட்டுமா இழுக்கிறது? இரண்டு வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே தலையணைப் பஞ்சு போலப் படிந்திருக்கும்.

இதற்கெல்லாம் ஓர் அடிப்படை உண்டு. ராபர்ட் டென்னார்ட் என்ற ஐ.பி.எம். விஞ்ஞானி 1974இல் ஒரு விதியை வகுத்தார்: டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரே பரப்பில் எத்தனை டிரான்சிஸ்டரை அடைத்தாலும் சூடு ஏறாது. நல்ல விதி. ஆனால் மின்னழுத்தத்தை ஓரளவுக்குக் கீழே குறைக்க முடியவில்லை. குறைத்தால் மின்சாரம் கசிகிறது. இப்படியே போனால் சில்லின் சூட்டடர்த்தி அணுஉலையை எட்டும், ராக்கெட்டின் பீச்சுக்குழலை எட்டும் என்று இன்டெல்லின் பாட் கெல்சிங்கர் 2001இலேயே ஒரு மாநாட்டில் எச்சரித்தார். 2004இல் அதே நிறுவனத்தின் 'பிரெஸ்காட்' என்ற பென்டியம்-4 வகை 115 வாட் வரை போனது. அதே ஆண்டு மே மாதம், அடுத்து வரவிருந்த 'டேஜாஸ்' சில்லைக் கைவிட்டார்கள். வேகத்தை ஏற்றிக்கொண்டே போன ஓட்டம் சூட்டுச் சுவரில் மோதி நின்றது. அதன்பிறகுதான் ஒரே சில்லில் இரண்டு மூளை, நான்கு மூளை என்று வேறு வழிக்குத் திரும்பினார்கள்.

இட்லிப் பானையும் ஹீட்பைப்பும்

அமைதியை விரும்பியவர்கள் இடையில் சும்மா இருக்கவில்லை. 2000இல் ஜாப்ஸ் (திரும்பி வந்துவிட்டார்!) கண்ணாடிப் பெட்டி போன்ற ஜி-4 கியூபை விசிறியில்லாமல் வெளியிட்டார்; நடுவே புகைபோக்கி மாதிரி ஒரு வழி. விலை அதிகம், ஒரே ஆண்டில் நிறுத்தப்பட்டது. தைவானின் வியா நிறுவனம் 2001இல் 17 செ.மீ. சதுரத்தில் 'மினி-ஐ.டி.எக்ஸ்.' என்ற சிறு பலகையைக் கொண்டுவந்தது. அதில் 533 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஈடன் பிராசசருக்கு ஒரு தகடே போதும், விசிறி வேண்டாம். வேகம் போதாது என்று சிரித்தவர்கள் பலர். வீட்டில் கணினி கட்டுபவர்கள் மட்டும் அதைக் கொண்டாடினார்கள். 2004 வாக்கில் கொரியாவின் ஸால்மன் நிறுவனம், பக்கச் சுவர்களே துடுப்புத் தகடுகளாக இருக்கும் ஒரு பெட்டியை விற்றது. பீரோ மாதிரி இருக்கும். பிராசசரின் சூட்டைச் சுவருக்குக் கொண்டுபோனவை அதற்குள் இருந்த செப்புக் குழாய்கள்.

அந்தக் குழாயைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையின் நாயகன் அதுதான். ஹீட்பைப் என்கிறார்கள். இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. ஆவி மேலே போய் மூடியில் பட்டுக் குளிர்ந்து, சூட்டை மூடிக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி சொட்டுச் சொட்டாக விழுகிறது. மூடி ஏன் அப்படிச் சுடுகிறது? அடுப்பின் சூட்டை ஆவி சுமந்து வந்து அங்கே இறக்கிவைத்ததனால்தான். ஹீட்பைப்பும் இதே வேலையைச் செய்கிறது. இரண்டு முனையும் அடைத்த செப்புக் குழாய். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஒரு சிறிதளவு தண்ணீர். அழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் மிதமான சூட்டிலேயே ஆவியாகிறது. சூடான முனையில் ஆவி, குளிர்ந்த முனையில் நீர். இட்லிப் பானையில் நீர் கீழே விழுந்து திரும்புகிறது. இங்கே குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, நீரைத் திருப்பி இழுத்துக்கொள்கிறது. மோட்டார் இல்லை, இரைச்சல் இல்லை, தேய ஒன்றுமில்லை. ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ரிச்சர்ட் காக்லர் 1944இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார், யாரும் பயன்படுத்தவில்லை. 1963இல் லாஸ் அலமாஸில் ஜார்ஜ் குரோவர் தனியாக இதைக் கண்டுபிடித்துச் செய்து காட்டினார். முதலில் விண்கலங்களுக்குப் போனது. பிறகு மடிக்கணினிகளுக்குள் இறங்கியது. ஆறு மில்லிமீட்டர் குழாய் ஒன்று 30 வாட்டைச் சிரமமில்லாமல் கொண்டுபோகும்.

இன்னொரு முயற்சியையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக அமெரிக்காவில் வடிவமைத்த எக்ஸ்.ஓ. மடிக்கணினி விசிறியோ சுழலும் வன்தட்டோ இல்லாமல் வந்தது. 2007இல் நம் மகாராஷ்டிரத்தின் ராய்காட் மாவட்டத்துக் கைராட் கிராமப் பள்ளிப் பிள்ளைகள் கைகளில் அது கிடைத்தது. தூசியையும் வெயிலையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துச் செய்யப்பட்ட கணினி அது. அந்தத் திட்டம் எதிர்பார்த்தபடி பரவவில்லை. ஆனால் கணக்கைத் தொடங்கிய இடம் சரியானது.

நாகபுரிக் கணக்கு

இனி என் வீட்டுக் கணினி. இதைச் செய்யக் காரணம் என் அம்மா. எண்பத்தாறு வயது. இரண்டு வருடம் முன்பு காது மெஷின் வைத்தோம். வீட்டில் கணினி இருப்பது கூடத்தில். அம்மாவின் கட்டிலும் அங்கேதான். கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை தினமும் ராத்திரி வீடியோவில் வருவாள். காது மெஷின் தங்கை குரலையும் பெரிதாக்கும், கணினியின் விசிறியையும் பெரிதாக்கும். நமக்குப் பழகிப்போன அந்த மெல்லிய இரைச்சல் அம்மாவுக்கு மாவு மில் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. "அந்த ஙொய்ங்கிறதை நிறுத்துடா, அவ பேசறதே கேக்கலை" என்பார். மெஷினைக் கழற்றிவிடுவார். கழற்றினால் தங்கை பேசுவது கேட்காது. பத்து நாளில் "நீயே பேசிச் சொல்லிடு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மடிக்கணினியே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். 2020இன் எம்-1 மேக்புக் ஏர் போல விசிறியில்லாத மடிக்கணினிகள் உண்டு; உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஃபோனும் விசிறியில்லாத கணினிதான். ஆனால் அம்மாவுக்குப் பெரிய திரை வேண்டும், எனக்குப் பிற்பாடு பாகம் மாற்றும்படியான பெட்டி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே பணி ஓய்வு பெற்ற பொறியாளனுக்குக் கைக்கு வேலை வேண்டும்.

கணக்கு இப்படி. பிராசசர் 95 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டுப் புத்தகத்தில் அறை 22 டிகிரி. ஆக 73 டிகிரி இடைவெளி. நாகபுரி மே மாதத்தில் வெளியே 45ஐத் தொடும். உள்ளே கூலர் ஓடாத நேரத்தில் 43 என்று வைத்தேன். இடைவெளி 52தான். 65 வாட் பிராசசர் போட்டால் ஒரு வாட்டுக்கு 0.8 டிகிரி மட்டுமே அனுமதி. விசிறியில்லாமல் அதைச் சாதிக்கப் பெட்டி அண்டா அளவுக்கு வேண்டும். 35 வாட் பிராசசர் என்றால் வாட்டுக்கு ஏறக்குறைய 1.5 டிகிரி. இது நடக்கக்கூடியது. வேகம் சற்றுக் குறைவு. வீடியோ பேசவும், பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றவும், கணக்கு எழுதவும் தாராளம். விளையாட்டுப் பிரியர்களான பேரன்களுக்கு இது ஆகாது. அவர்களுக்குத் தனியே விசிறி வைத்த பெட்டியே சரி. அதில் எனக்கு வாதமில்லை.

துடுப்புத் தகடுக்கு ஆம்ப்ளிஃபயர் கடையைத் தேடிப் போனேன். கல்யாண மண்டப ஆம்ப்ளிஃபயர்களின் பின்புறம் கறுப்பாக, வரிவரியாக ஓர் அலுமினியத் தகடு இருக்குமே, அதுதான். 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. உயரத்தில் இரண்டு. கணினிக் கடையில் கிடைக்கும் தகடுகளின் துடுப்புகள் சீப்புப் பல்போல நெருக்கமாக இருக்கும்; விசிறி ஊதினால்தான் அவற்றுக்குள் காற்று நுழையும். தானாக எழும் காற்றுக்கு 8, 10 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். துடுப்புகள் செங்குத்தாகவும் நிற்க வேண்டும். படுக்கவைத்தால் காற்று சிக்கிக்கொள்ளும். கறுப்பு நிறமும் அழகுக்காக இல்லை. பளபளக்கும் அலுமினியம் சூட்டைக் கதிராக வெளிவிடுவதில் மகா கஞ்சன். 'அனோடைஸ்' செய்த கறுப்புப் பரப்பு தாராளப் பிரபு. விசிறி இல்லாத இடத்தில் வெளிப்பரப்பு இழக்கும் சூட்டில் ஏறக்குறைய பாதி இப்படிக் கதிராகவே போகும்.

நான்கு ஹீட்பைப்புகள். ஒரு முனை பிராசசர்மேல் உட்காரும் அலுமினியக் கட்டையில், மறுமுனை பக்கத் தகட்டில். குழாயின் விட்டத்தைப்போல மூன்று மடங்கு ஆரத்துக்குக் குறைவாக வளைத்தால் உள்ளே நசுங்கி உயிர் போய்விடும் என்பதால், ஒரு மரக்கட்டையில் வளைவு வெட்டி அதில் வைத்து மெதுவாக வளைத்தேன். கட்டையில் குழாய் படுக்கும் வரிப்பள்ளங்களை எங்கள் பேட்டைப் பட்டறையில் மில்லிங் போட்டுக் கொடுத்தார்கள். பட்டறைக்காரர் மராட்டியர். துடுப்புச் சுவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாவ்ஜி, இது கம்ப்யூட்டரா, புல்லட் இஞ்சினா?" என்றார். கேள்வி நியாயம்தான். இரண்டுக்கும் கொள்கை ஒன்றே. புல்லட் ஓடுவதால் காற்று தானாக எதிரே வருகிறது, என் பெட்டி நின்ற இடத்தில் நிற்கிறது, அவ்வளவே. உலோகமும் உலோகமும் சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத காற்று இடுக்குகள் இருக்கும். காற்றைவிட அலுமினியம் பல ஆயிரம் மடங்கு சூட்டைக் கடத்தும் என்பதால் அந்த இடுக்குகளைப் பசைபோட்டு அடைக்க வேண்டும். பசையை வெண்ணெய் மாதிரி அப்பக் கூடாது. இடுக்கு நிரம்பினால் போதும்.

புதிதாகச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிராசசரின் விசிறி பிராசசருக்கு மட்டும் காற்று கொடுப்பதில்லை. மதர்போர்டில் பக்கத்தில் இருக்கும் மின்னழுத்தக் கட்டுப்பாட்டுப் பாகங்களும் அதே காற்றில்தான் பிழைக்கின்றன. விசிறியை எடுத்தால் அவை அனாதைகள். அவற்றுக்கும் தகடுள்ள பலகையாகப் பார்த்து வாங்கினேன். மின்வழங்கியை மடிக்கணினி அடாப்டர் போல வெளியே வைத்துவிட்டேன். அதன் சூடு பெட்டிக்குள் வராது. வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பெட்டிக்கு இரண்டு செ.மீ. உயரக் கால்கள், அடியிலும் மேலேயும் துளைத்தகடு. துளையின் அளவைத் தீர்மானித்தது கரப்பான்பூச்சி.

மே மாதம் ஒரு மதியம் கூலரை நிறுத்திவிட்டு, அறை 41 டிகிரி இருந்தபோது அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். பிராசசர் 86ஐத் தொட்டு நின்றது. தகட்டின்மேல் கையை வைக்கலாம், வைத்திருக்க முடியாது. தங்கையோடு பேசும்போது 60ஐ ஒட்டி இருக்கிறது. ஒருவேளை 95ஐத் தொட்டாலும், இக்காலப் பிராசசர்கள் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயிலில் நடப்பவன் நிழலில் நின்று போவதுபோல. மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரிலும் நெடுநேரம் தாங்குகிறது. செலவைக் கேட்காதீர்கள், கடைப்பெட்டியைவிடக் கூடத்தான் ஆயிற்று.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். நாகபுரிக் கோடையில் வெட்டிவேர்த் தட்டி போட்ட கூலர் இல்லாமல் இருக்க முடியாது. அது போடும் சத்தத்தில் பத்துக் கணினியின் இரைச்சலும் கரைந்துபோகும். ஆகவே ஏப்ரல் முதல் ஜூன் வரை என் அமைதிப் பெட்டியின் பெருமை யாருக்கும் தெரியாது. பேச்சு நேரத்தில் மட்டும் கால்மணி கூலரை நிறுத்துகிறோம். அம்மா பனைவிசிறியைக் கையில் எடுத்துக்கொள்கிறார். ஒன்பது மணிக்கு மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, நான் கூப்பிடுவதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். போன வாரம் தங்கை வீட்டுச் சமையலறையில் குக்கர் விசில் எத்தனை வந்தது என்று இங்கிருந்து எண்ணிச் சொன்னார்.

நம் சங்க நூலகத்துக்கும் இப்படி ஒன்று செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்த அறைக்கு மேற்கு வெயில், மேலே தகரக் கூரை. வருகிற மே மாதம் ஒரு வெப்பமானியை அங்கே பதினைந்து நாள் தொங்கவிட்டு, உச்சம் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் தகடு வாங்குவேன்.